ஆம்பளைகளுக்கு ஒரு முகாம்

கோபம் வந்தால் சௌந்திரத்தின் குரல் உயராது, இறங்கும். எதிரில் இருப்பவர் காதைத் தீட்டிக்கொண்டுதான் கேட்க வேண்டும். முப்பத்தைந்து வருடம் கிராம சுகாதாரச் செவிலியராக வேலை பார்த்தவள். அதில் பெரும்பகுதி கரட்டுப்பாளையத்தில். திருச்செங்கோட்டிலிருந்து ராசிபுரம் போகும் சாலையில் இறங்கி இரண்டு கிலோமீட்டர் உள்ளே நடந்தால் வரும் ஊர். அங்கே எல்லோருக்கும் அவள் நர்சம்மா.

போன வருடத்துக்கு முந்தைய மே தினத்தன்று அந்த ஊரில் கிராம சபை கூடியது. பள்ளிக்கூட மைதானத்தில் சாமியானா போட்டிருந்தார்கள். ஊருக்குள் குழாயில் தண்ணீர் வந்து பதினொரு நாள் ஆகியிருந்தது. வழக்கமாகக் கிராம சபைக்குத் தலைகாட்டாத பெண்கள் அன்று காலிக் குடங்களோடு வந்து முன்வரிசையில் உட்கார்ந்திருந்தார்கள். ஊராட்சித் தலைவர் மின்மோட்டார் பழுது, மேல்நிலைத் தொட்டி பழுது என்று என்னென்னவோ சொல்லிப் பார்த்தார். யாரும் கேட்பதாக இல்லை. அப்போதுதான் சின்னுசாமி எழுந்து மைக்கை வாங்கினார்.

சின்னுசாமிக்கு அறுபத்தைந்து வயது. ஊரிலேயே பெரிய கோழிப்பண்ணை அவருடையது. முன்பு இரண்டு முறை ஊராட்சித் தலைவராக இருந்தவர். அவர் பேசினால் கூட்டம் அடங்கும்.

"ஏனுங்க, ஆளாளுக்குத் தண்ணி இல்ல தண்ணி இல்லன்னா எப்படிங்க? ஜனத்தொக பெருத்துப் போச்சு. தண்ணி எங்கிருந்து வரும்? உள்ளூர்ச் சனத்துக்கே பத்தல. இதுல வடக்க இருந்து வேற வந்து குமிஞ்சு கெடக்கறானுங்க. வருசத்துக்கு ஒண்ணு பெத்துப் போடறானுங்க. நம்ம நர்சம்மா என்ன பண்றாங்கன்னு தெரியல. அந்தப் பொம்பளைகளப் புடிச்சு ஆபரேசன் பண்ணி உட்டாப் பாதிப் பிரச்சின தீந்துரும். நாஞ் சொல்றது நாயமுங்களா இல்லீங்களா?"

ஆண்கள் பக்கமிருந்து கைதட்டல் எழுந்தது. குடத்தோடு வந்த பெண்களில்கூடச் சிலர் தலையாட்டினார்கள்.

இந்த இடத்தில் ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். அவர் சொன்ன வடக்கத்தியார்கள் ஒடிசாவிலிருந்து வந்த பதினொரு குடும்பங்கள். அவர்கள் குடியிருந்தது சின்னுசாமியின் பண்ணைக்குள்ளேயே, தகரக் கொட்டகையில். சேலம் ஜங்ஷனில் ரயிலை விட்டு இறங்கியவர்களை வேன் வைத்துக் கூட்டி வந்தவர் சின்னுசாமி அமர்த்திய தரகர். தனியாள் வேண்டாம், புருசன் பெண்சாதி ஜோடியாக வேண்டும், விவரம் தெரிந்த பிள்ளைகள் இருந்தால் இன்னும் நல்லது என்று தரகரிடம் கேட்டு வாங்கியதும் அவர்தான். விவரம் தெரிந்த பிள்ளைகள் காலையில் முட்டை பொறுக்குவார்கள். அதற்குக் கூலி கிடையாது.

அரசு ஊழியர்கள் வரிசையில் ஒரு ஓரமாக உட்கார்ந்திருந்த சௌந்திரத்துக்கு, அவர் பேசியதில் ஒரு சொல் மட்டும் நெஞ்சில் தைத்து நின்றது. 'புடிச்சு.'

அந்தச் சொல் அவளுக்குப் பழக்கமானது. அவளும் ஒரு காலத்தில் பிடித்தவள்தான்.

சௌந்திரத்தின் அம்மா ராமாத்தாள் ஒன்பது பெற்றவள். தங்கியது நான்கு, நான்கும் பெண். புருசனும் பெண்சாதியும் மரவள்ளிக் காட்டில் கூலி வேலை செய்தவர்கள். ஒரு பிள்ளை பேதியில் போயிற்று, ஒன்று தட்டம்மையில். ஒன்று பிறந்த ஏழாம் நாள் வலிப்பு வந்து போயிற்று. மற்ற இரண்டு எதனால் போயின என்று யாருக்கும் தெரியாது. எது தங்கும் எது தங்காது என்று தெரியாத வீட்டில் இத்தனை போதும் என்று எந்தத் தாய் சொல்வாள்? போதாததற்கு ஆண் பிள்ளை இல்லை என்ற பேச்சு. பதினாறு வயதில் கழுத்தில் தாலி ஏறிய ராமாத்தாளிடம் உனக்கு எத்தனை வேண்டும் என்று கடைசி வரைக்கும் ஒருவரும் கேட்கவில்லை.

பத்தாவது பிரசவத்தில் ரத்தம் நிற்கவில்லை. திருச்செங்கோட்டு ஆஸ்பத்திரிக்கு டவுன் பஸ்ஸின் கடைசி இருக்கையில் படுக்க வைத்துக் கொண்டுபோனார்கள். அம்மாவின் தலையை மடியில் வைத்திருந்தவள் சௌந்திரம். அப்போது அவளுக்குப் பதினான்கு வயது. மலையடிவாரம் வருவதற்குள் தலை கனத்துவிட்டது. வயிற்றிலிருந்ததும் பிழைக்கவில்லை. எழவு வீட்டில் உட்கார்ந்து வெற்றிலை போட்டுக்கொண்டிருந்த ஒருவர், "கஞ்சிக்கு இல்லாதவளுக்கு இத்தன எதுக்கு?" என்றார். சௌந்திரத்தின் அப்பா பக்கத்தில்தான் இருந்தார். அவரைப் பார்த்து அந்தக் கேள்வியை யாரும் கேட்கவில்லை. அந்த மனிதர் இன்ன சட்டை போட்டிருந்தார், இன்ன இடத்தில் சாய்ந்திருந்தார் என்பது வரை சௌந்திரத்துக்கு அறுபது வயதிலும் நினைவிருந்தது.

எப்படியோ பத்தாவது தேறி, செவிலியர் பயிற்சிக்குச் சேர்ந்து, இருபத்தைந்தாவது வயதில் வேலைக்கு வந்தாள். இனி எந்த ராமாத்தாளும் பஸ்ஸில் சாகக் கூடாது என்ற வெறியோடுதான் வந்தாள். ஆனால் அன்றைக்கு அரசாங்கம் அவளிடம் கேட்டது வேறு. வருடத்துக்கு இத்தனை கேஸ் என்று இலக்கு. கேஸ் என்றால் கருத்தடை அறுவைச் சிகிச்சைக்கு அழைத்துப் போகும் பெண். மார்ச் மாதம் நெருங்கினால் கூட்டத்தில் எழுப்பி நிற்க வைத்துத் திட்டுவார்கள். சம்பளம் நிற்கும் என்பார்கள். ஆண்களையும் அழைத்து வரலாம் என்று காகிதத்தில் இருந்தது. எந்த அதிகாரியும் அதைக் கேட்டதில்லை.

அப்படி ஒரு மார்ச் மாதத்தில்தான் பொன்னாயி. இருபத்திரண்டு வயது, இரண்டு ஆண் குழந்தைகள். "ஒரு வருசம் போகட்டுமுங்க, ரோசன பண்ணிச் சொல்றேன்" என்றாள். சௌந்திரத்துக்கு அந்த மாதம் ஒரு கேஸ் குறைந்தது. மூன்று நாள் விடாமல் போனாள். மாமியாரிடம் பேசினாள், புருசனிடம் பேசினாள். நான்காம் நாள் பொன்னாயி ஜீப்பில் ஏறினாள். பள்ளிக்கூடத்து பெஞ்சுகளை ஒட்டிப் போட்டு நடந்த முகாம் அது. ஒரே நாளில் நாற்பது பேர். இரண்டு வருடத்தில் பொன்னாயியின் பிள்ளைகள் இருவரும் கிணற்றில் விழுந்து போனார்கள். பெரியவன் தம்பியைப் பிடிக்கப் போய் அவனும் விழுந்தான். காரியமெல்லாம் முடிந்து ஒரு மாதம் கழித்துப் பொன்னாயி துணை சுகாதார நிலையத்துக்கு வந்து வாசலிலேயே நின்றாள்.

"மறுபடி அத அவுத்து உட முடியுமாங்க?"

முடியலாம், முடியாமலும் போகலாம். சௌந்திரம் அவளைச் சேலத்துக்கும் கோவைக்கும் கூட்டிக்கொண்டு அலைந்தாள். முடியவில்லை. பொன்னாயியின் புருசன் வேறு கல்யாணம் செய்துகொண்டான். பொன்னாயி சௌந்திரத்தை ஒரு வார்த்தை சொன்னதில்லை. சொல்லியிருந்தால் தேவலை என்று சௌந்திரம் பிற்பாடு பலமுறை சொல்லியிருக்கிறாள்.

அவளுடைய சொந்தக் கதையும் பெரிதாக மாறுபட்டதல்ல. புருசன் சுவாமிநாதனுக்கு லாரிக்குக் கூண்டு கட்டும் பட்டறையில் வேலை. நல்ல மனிதர். இரண்டு பிள்ளைகள் பிறந்ததும் சௌந்திரம் அவரிடம் கேட்டாள், உங்களுக்கு என்றால் பத்து நிமிட வேலை, செய்துகொள்கிறீர்களா என்று. "இரும்பு தூக்கற ஒடம்பு" என்று சொல்லிவிட்டுப் பேப்பர் படிக்கப் போய்விட்டார். அறுவைச் சிகிச்சை முடிந்த பத்தாம் நாள் சௌந்திரம் தடுப்பூசிப் பெட்டியைத் தோளில் மாட்டிக்கொண்டு நாலு ஊர் நடந்தாள்.

இத்தனையும் மனதில் கிடக்கத்தான் அன்று அவள் எழுந்தாள். கைப்பையிலிருந்து பதிவேட்டை எடுத்துக்கொண்டாள்.

"நா பேசலாமுங்களா?"

தலைவர் மைக்கை நீட்டினார். அவள் வாங்கவில்லை. கூட்டம் தானாக அமைதியானது.

"தொண்ணூத்தி ரெண்டாம் வருசம் இந்த ஊர்ல பொறந்த கொழந்தைங்க அறுவத்தொண்ணு. போன வருசம் பொறந்தது பதினாலு. அன்னைக்கு ஊர் ஜனம் ரெண்டாயிரத்து நூறு. இன்னைக்குக் கொட்டாயில இருக்கற நாப்பத்தாறு பேரையும் சேத்தே ஆயிரத்துத் தொள்ளாயிரம். ஜனம் பெருகலீங்க. கொறஞ்சிருக்குது. இந்தப் பள்ளிக்கோடத்துல பதினேழே புள்ளைங்க. எப்ப மூடுவாங்கன்னு வாத்தியாருக்கே தெரியாது."

"அப்பத் தண்ணி எங்கீங்க போச்சு?" என்றாள் முன்வரிசையில் ஒரு பெண்.

"பண்ணையில அறுவதாயிரம் கோழி. ஒரு கோழி வெயிலுக்குக் கா லிட்டர் குடிக்கும். நீங்களே பெருக்கிப் பாத்துக்குங்க. ஊர்க் கெணத்துக்கு எரநூறு அடி தள்ளி ஆயிரத்தி நூறு அடிக்கு மூணு போர் ஓட்டியிருக்குது. அது ஓடுன வருசத்துல இருந்துதான் ஊர்க் கெணறு காஞ்சு கெடக்குது. கொட்டாயில நாப்பத்தாறு பேருக்கு ஒரே பைப்பு. அதுலயும் கோழிக்கு உட்டது போகத்தான் தண்ணி. அந்தப் பதினோரு குடும்பத்துல பத்துக் குடும்பத்துக்கு ரெண்டு புள்ளைதானுங்க. என்ற ரிஜிஸ்தர்ல இருக்குது, யாரு வேணும்னாலும் பாக்கலாம்."

சின்னுசாமிக்கு முகம் சிவந்தது. "கோழிக்குத் தண்ணி உடாம இருக்க முடியுமா? நாலு பேருக்குச் சோறு போடற தொழிலுங்க அது."

"தொழில் பண்ணுங்க, வேண்டாங்கல. பழியக் கொண்டாந்து பொம்பளைங்க வயித்து மேல போடாதீங்க."

பின்னால் யாரோ சிரித்தார்கள். அது சின்னுசாமியை இன்னும் கிளறிவிட்டது.

"உங்களுக்கு என்னங்க, கவுருமெண்டு சம்பளம். என்ற பையனுக்கு முப்பத்தி நாலு வயசு. எட்டு வருசமாப் பொண்ணு தேடிச் செருப்புத் தேஞ்சு போச்சு. எங்க சனத்துல பொண்ணே இல்ல. இங்க பொறக்க வேண்டியவன் பொறக்கல, எங்கியோ இருக்கறவன் பெருகிட்டே போறான். இதச் சொன்னாத் தப்புங்களா?"

சௌந்திரத்தின் வாய் வரைக்கும் ஒன்று வந்தது.

தொண்ணூற்று மூன்றிலும் தொண்ணூற்றைந்திலும் சின்னுசாமியின் மனைவி வசந்தாமணி கர்ப்பமானாள். இரண்டு முறையும் சௌந்திரம்தான் பதிவேட்டில் எழுதி முதல் ஊசி போட்டாள். இரண்டு முறையும் அடுத்த மாதம் போனபோது, "கலஞ்சு போச்சுங்க" என்றாள் வசந்தாமணி, முகத்தைப் பார்க்காமல். சேலத்துக்கு ஸ்கேன் பார்க்கப் போய் வந்த கார் ஊருக்கே தெரியும். ஒரு ஆண் பிள்ளை பிறந்தாகிவிட்டது, காடு தோட்டம் பிரியக் கூடாது, பெண்ணைக் கட்டிக் கொடுத்தால் கொண்டுபோய்க் கொட்ட வேண்டும். அந்தக் காலத்தில் அதைக் குடும்பக் கட்டுப்பாடு என்றே கூசாமல் சொல்லிக்கொண்டார்கள். பக்கத்து வீட்டில், எதிர் வீட்டில், அடுத்த ஊரில் என்று வரிசையாக நடந்தது. இன்றைக்கு அதே வீடுகளில் முப்பத்தைந்து வயது மாப்பிள்ளைகள் ஜாதகக் கட்டோடு உட்கார்ந்திருக்கிறார்கள்.

அதை அந்தக் கூட்டத்தில் சொல்லியிருந்தால் சின்னுசாமி தலைநிமிர முடிந்திருக்காது. ஆனால் அது அவர் உடம்பில் நடந்த கதை அல்ல, வசந்தாமணியின் உடம்பில் நடந்தது. சௌந்திரம் பதிவேட்டை மூடிக்கொண்டு உட்கார்ந்தாள்.

கூட்டத்தின் முடிவில் தீர்மானம் எழுதினார்கள். குடிநீர் குறித்து ஆவன செய்யப்படும் என்று ஒரு வரி. கிராமத்தில் மக்கள்தொகைக் கட்டுப்பாட்டு முகாம் உடனே நடத்தக் கோரி நான்கு வரி.

மறுநாள் வசந்தாமணி துணை சுகாதார நிலையத்துக்கு வந்தாள். சர்க்கரை மாத்திரை வாங்க மாதம் ஒரு முறை வருபவள், அன்று முறை இல்லாமல் வந்தாள். ரத்த அழுத்தம் பார்க்கக் கையை நீட்டியபடியே பேசினாள்.

"நேத்துக் கூட்டத்துல நானும் பின்னாடி உக்காந்திருந்தனுங்க. எங்கூட்டுக் கதையச் சொல்லிப்போடுவீங்கன்னு நெஞ்சு தடதடன்னு அடிச்சுது."

"அது உங்களுதுங்க. நா எப்படிச் சொல்லுவேன்?"

"நா சொல்லிப்போட்டேன்."

சௌந்திரம் நிமிர்ந்து பார்த்தாள்.

"ராத்திரி சோறு போடறப்பச் சொன்னனுங்க. எட்டு வருசமா அந்தப் பையன் தனக்குத்தான் என்னமோ கொறன்னு நெனச்சுட்டு இருக்கறான். ஜாதகம் சரியில்ல, படிப்புப் பத்தல, நெறம் பத்தலன்னு. உனக்கு ஒரு கொறையும் இல்ல சாமி, உனக்குப் பொறவு ரெண்டு இருந்துச்சு, ரெண்டையும் வேண்டாம்னு கலைச்சோம், எல்லா ஊட்டுலயும் கலைச்சாங்க, அதனாலதான் பொண்ணு இல்லன்னு சொல்லிப்போட்டேன். அவிய தட்டத் தள்ளி உட்டுட்டு எந்திரிச்சுப் போயிட்டாரு."

"உங்க பையன் கதிர்வேலு என்ன சொன்னாப்ல?"

"கொஞ்ச நேரம் கழிச்சு, அதுகளுக்கு இப்ப என்ன வயசும்மா இருக்கும்னு கேட்டான்." வசந்தாமணி கையை விடுவித்துக்கொண்டாள். "முப்பத்தொண்ணும் இருவத்தொம்பதும்னு சொன்னேன்."

ரத்த அழுத்தம் அதிகமாகத்தான் இருந்தது. சௌந்திரம் மாத்திரை எடுத்துக் கொடுத்தாள்.

அந்த வாரமே ஆரம்ப சுகாதார நிலையத்திலிருந்து மருத்துவர் நித்யஸ்ரீ கூப்பிட்டாள். சேலத்துப் பெண், வேலைக்கு வந்து ஒன்றரை வருடம் ஆகியிருந்தது.

"அக்கா, உங்க ஊர்த் தீர்மானம் வந்திருக்கு. மக்கள்தொகைக் கட்டுப்பாட்டு முகாமாம். அங்க யாருக்கு முகாம் போடறது? அதான் எல்லாரும் ரெண்டோட நிறுத்திட்டாங்களே."

"போட்டர்லாமுங்க டாக்டர். ஆம்பளைங்களுக்கு."

மறுமுனையில் சிரிப்புச் சத்தம். பிறகு, "செய்வோம்கா" என்றாள் நித்யஸ்ரீ.

சௌந்திரம் நோட்டீஸ் அடித்தாள். கத்தி இல்லை, தையல் இல்லை, அன்றே வீட்டுக்குப் போகலாம். பதிவேட்டைப் பார்த்து, இனிமேல் பிள்ளை வேண்டாம் என்று இருக்கிற, இன்னும் யாரும் அறுவைச் சிகிச்சை செய்துகொள்ளாத ஐம்பத்தெட்டு வீடுகளைக் குறித்துக்கொண்டாள். எல்லா வீட்டுக்கும் நேரில் போனாள். கிராம சபையில் கைதட்டியவர்கள் வீட்டுக்கு முதலில் போனாள்.

நந்தகுமார் போர்வெல் லாரி ஓட்டுபவன். மூன்று பிள்ளைகள். "நா ராஜஸ்தான், மத்தியப் பிரதேசம்னு ஆறு மாசம் வெளியில கெடக்கறவனுங்க" என்றான். "நா பண்ணிக்கிட்டு, அப்புறமேட்டு ஒருவேளை அது சரியாப் புடிக்காம எம்பொண்டாட்டி உண்டாயிட்டான்னா, ஊரு என்ன பேசும்?"

"உன்ற பொண்டாட்டிக்குப் பண்ணி அது புடிக்காமப் போனா ஊரு ஒண்ணும் பேசாதா?"

"அது வேறதானுங்க."

இன்னொருவன் தறிக்காரன், பலம் போய்விடும் என்றான். இன்னொருவன் அம்மாவைக் கேட்க வேண்டும் என்றான், நாற்பத்தொரு வயதில். இதெல்லாம்கூட அவளுக்குச் சிரிப்பைத்தான் வரவழைத்தது. பல வீடுகளில் பெண்களே குறுக்கே வந்து, "அவருக்கு வேண்டாமுங்க, பாவம், நானே பண்ணிக்கறேன்" என்றார்கள். அங்கேதான் அவளுக்கு நெஞ்சு எரிந்தது. சிசேரியன் ஆகி வயிற்றில் இரண்டு தழும்பு உள்ள பெண் சொல்கிறாள், பாவம் என்று. யாருக்கு யார் பாவம்?

முகாமுக்கு இரண்டு நாள் முன்னால் சின்னுசாமி வந்தார். உட்காரவில்லை.

"ஊர் ஆம்பளைங்களக் கேவலப்படுத்தறதுக்கா தீர்மானம் போட்டோம்?"

"தீர்மானத்துல ஆம்பள பொம்பளன்னு ஒண்ணும் எழுதலீங்களே."

"நாஞ் சொன்னது யாரன்னு உனக்குத் தெரியாதா?"

"தெரியும். அவங்க ஊட்டுக்காரருக்கும் நோட்டீஸ் குடுத்திருக்கேன்."

நர்சம்மா என்று பன்மையில் பேசி வந்தவர் அன்று ஒருமைக்கு இறங்கியதை அவள் கவனித்தாள். பதில் மரியாதையை அவள் குறைக்கவில்லை. குறைத்தால் அதை வைத்தே பேச்சு திசைமாறும் என்று அவளுக்குத் தெரியும்.

முகாம் அன்று ஆரம்ப சுகாதார நிலையத்து வேன் காலை ஒன்பது மணிக்கே பள்ளிக்கூட வாசலில் வந்து நின்றது. பத்தரை வரைக்கும் ஒரு ஆண்கூட வரவில்லை. டீக்கடை வாசலில் நின்றவர்கள் வேனைப் பார்த்துவிட்டுக் கடைக்குள் போனார்கள். ஓட்டுநர் கிளம்பலாமா என்று கேட்டார். பதினொரு மணிக்குக் கோவிந்த் நடந்து வந்தான், கூடவே அவன் மனைவி சாவித்திரி.

தகரக் கொட்டகையில் நான்கு பிள்ளைகள் உள்ள குடும்பம் அவர்களுடையதுதான். சின்னுசாமி விரல் நீட்டியது அவளைத்தான். சாவித்திரிக்கு அப்போது மூன்றாவது மாதம். பதிவு செய்ய வந்த அன்றே சௌந்திரம் கேட்டிருந்தாள், இதற்கு முன் எத்தனை பிரசவம் என்று. சாவித்திரி விரல்களை மடக்கி ஏழு என்றாள். பிறகு மூன்று விரலைத் தனியாக மடக்கி வானத்தைக் காட்டினாள். பதினாறு வயதில் கல்யாணம். சொந்த ஊரில் ஆஸ்பத்திரி ஆற்றுக்கு அந்தப் பக்கம். சௌந்திரம் அன்று பதிவேட்டில் அவளுக்கான பக்கத்தை எழுதி முடிக்க வெகுநேரம் ஆயிற்று.

கோவிந்த் ஆறு வருடத்தில் கற்ற தமிழில் பேசினான்.

"ஊர்ல மூணு செத்துப் போச்சு. இங்க வந்து ஒண்ணும் சாகலை. நீ ஊசி போடுது, மருந்து குடுக்குது. இந்தப் புள்ளைங்கெல்லாம் இருக்கும். அதனால போதும்."

"பண்ணையில மூணு நாள் லீவு குடுப்பாங்களா?"

"குடுக்காது. பரவால்ல."

நாடெங்கும் எத்தனையோ பேர் எத்தனையோ மேடைகளில் ஜனத்தொகை ஏன் பெருகுகிறது, எப்படிக் குறைக்கலாம் என்று பேசிக்கொண்டிருக்கிறார்கள். ஒரு கோழிப்பண்ணைக் கூலி ஐந்து வாக்கியத்தில் சொல்லி முடித்துவிட்டு வேனில் ஏறினான். வேன் அந்த ஒருவனோடு கிளம்பியது. மதியத்துக்கு மேல் திரும்பியபோது கடை முன்னால் நின்றவர்கள் அவன் நடக்கும் விதத்தைப் பார்த்துச் சிரித்தார்கள். அவன் அவர்களைப் பார்த்துக் கையசைத்துவிட்டுப் போனான்.

ஜூன் மாதம் கொட்டகையில் ஏழு பிள்ளைகளுக்கு வயிற்றுப்போக்கு. அதில் இரண்டு கோவிந்தின் பிள்ளைகள். குழாயில் வந்த தண்ணீரில் கோழி எச்சத்தின் வாடை அடித்தது. சௌந்திரம் உப்புச் சர்க்கரைக் கரைசல் கலந்து கொடுத்துக்கொண்டே ஒவ்வொரு பிள்ளையையும் பேர், வயது, இடம் போட்டுக் கைபேசியில் அரசாங்கத்தின் நோய்ப் பதிவுச் செயலியில் ஏற்றினாள். ஒரே இடத்தில் ஏழு பேர் என்றால் மேலே போயே தீரும் தகவல் அது. அதை யாரும் பேசி நிறுத்த முடியாது. சாயங்காலமே சுகாதார ஆய்வாளர் வந்து தண்ணீர் மாதிரி எடுத்தார். அறிக்கை வந்ததும் பண்ணைக்கு நோட்டீஸ் போயிற்று. பத்து நாளைக்குள் கொட்டகைக்குத் தனியாக ஒரு தொட்டியும் மூன்று குழாய்களும் வந்தன. ஆள் வைத்துக் குழாய் போடும்போது வெயிலில் கூடவே நின்றது கதிர்வேல். சௌந்திரம் பிள்ளைகளைப் பார்க்க வந்தபோது அவளுக்கு வழிவிட்டு ஒதுங்கி நின்றான். அந்த மாதத்திலிருந்து பெண் பார்க்கப் போவதை அவன் நிறுத்திவிட்டதாக வசந்தாமணி சொன்னாள்.

ஊருக்குத் தண்ணீர் வருவது பதினொரு நாளுக்கு ஒருமுறை என்பதிலிருந்து எட்டு நாளுக்கு ஒருமுறை என்று ஆனது. அவ்வளவுதான். மூன்று போரும் ஓடிக்கொண்டுதான் இருந்தன.

ஆகஸ்டில் சௌந்திரத்துக்கு மாறுதல் உத்தரவு வந்தது. நிர்வாக நலன் கருதி என்று எழுதியிருந்தது. தம்மம்பட்டி பக்கம் ஒரு துணை சுகாதார நிலையம். ஓய்வுக்கு ஒன்பது மாதம் இருந்தது. யார் சொல்லி யார் போட்டார்கள் என்று கடைசி வரை எழுத்தில் தெரியவில்லை. ஊரில் தெரியாதவர்கள் இல்லை. நித்யஸ்ரீ மேலே போய்ப் பேசிப் பார்த்தாள், நடக்கவில்லை.

"மெடிக்கல் லீவு போட்டுட்டு ஊட்டுலயே இரு. ரெண்டு பஸ் மாறி அலைஞ்சு என்னத்துக்கு ஆகுது?" என்றார் சுவாமிநாதன்.

"நா ஊட்டுல உக்காந்துக்குவேன்னு நெனச்சுத்தான போட்டிருக்கறாங்க" என்றாள் சௌந்திரம். ராசிபுரம் போய் பஸ் மாறி, தினமும் போய் வந்தாள்.

தம்மம்பட்டியில் பேச்சே வேறு மாதிரி. அங்கே அவளை அக்கா என்றார்கள். அந்த ஐப்பசியில் யாரோ ஒருவர் எங்கேயோ ஒரு மேடையில், நம் ஜனம் குறைந்துகொண்டே போகிறது, எல்லோரும் நிறையப் பெற்றுக்கொள்ளுங்கள் என்று பேசிய வீடியோ எல்லார் கைபேசியிலும் ஓடியது. தடுப்பூசி நாளன்று கைக்குழந்தையோடு வரிசையில் நின்ற சுகன்யா என்ற பெண் அதைக் காட்டினாள்.

"என்னாக்கா இது? எங்கம்மாவ நிறுத்து நிறுத்துன்னாங்க. என்னையப் பெத்துக்கோ பெத்துக்கோங்கறாங்க."

சௌந்திரம் குழந்தையின் தொடையில் ஊசியைப் போட்டுவிட்டுப் பஞ்சை அழுத்திப் பிடித்தாள்.

"அவரு வந்து பெத்துக்குவாரான்னு கேளு. பால் குடுக்கவும் அவரே வருவாரான்னு கேளு."

வரிசையில் நின்ற பெண்களெல்லாம் சிரித்தார்கள். அவள் சிரிக்கவில்லை. விளையாட்டாக அவள் அதைச் சொல்லவில்லை.

கார்த்திகையில் சாவித்திரிக்குப் பெண் குழந்தை பிறந்தது, இரண்டே முக்கால் கிலோ. கோவிந்த் போன் செய்து சொன்னான். குழந்தையின் அழுகையைக் கேட்கட்டும் என்று போனைக் கிட்டே கொண்டுபோனான்.

போன வருடம் மே மாதம் அவள் ஓய்வு பெற்றாள். வட்டார அளவில் ஒரு பிரிவுபசார விழா. மாலை, சால்வை, சுவர்க் கடிகாரம். வாழ்த்திப் பேச வந்த அதிகாரி ஒரு தாளைப் பார்த்து வாசித்தார். இந்தச் சகோதரி தம் பணிக்காலத்தில் எழுநூற்று நாற்பத்தேழு குடும்பநல அறுவைச் சிகிச்சைகளுக்குக் காரணமாக இருந்து, மக்கள்தொகைப் பெருக்கத்தைத் தடுத்த சாதனையாளர் என்றார். கைதட்டினார்கள். ஏற்புரை சொல்லக் கூப்பிட்டார்கள்.

சௌந்திரம் மைக் முன்னால் வந்து நின்றாள். எல்லாருக்கும் வணக்கம் சொன்னாள்.

"சார் சொன்ன எழுநூத்தி நாப்பத்தேழுல ஆம்பளைங்க அஞ்சு பேரு" என்றாள். "அத மட்டும் அந்தப் பேப்பர்ல சேத்து எழுதிக்குங்க."

நன்றி என்று சொல்லிவிட்டுக் கீழே இறங்கினாள். கைதட்டுவதா வேண்டாமா என்று முன்வரிசை அதிகாரியின் முகத்தைப் பார்த்தது. பின்வரிசையில் செவிலியர்கள் உட்கார்ந்திருந்த பக்கத்திலிருந்துதான் கைதட்டல் முதலில் ஆரம்பித்தது.